டாக்காவிலிருந்து வந்த பெரிய மேஸ்திரி

(சிவில் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



போன கண்காட்சியில் நம்ம சிவில் துறை மேசை மேல் மூன்றடி உயரத்துக்கு கலர் கலராக ஒரு கட்டிடம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் செங்கல்லால் கட்டியது. எல்.கே.ஜி. பசங்க வந்து கட்டிட்டுப் போனாங்களா என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேலி செய்தார்கள். பரவாயில்லை, அவர்களை மன்னித்து விட்டோம். அந்தக் கட்டிடம் சிகாகோ நகரத்து சியர்ஸ் டவர். 2009-ல் இருந்து அதற்கு வில்லிஸ் டவர் என்று பெயர். 110 மாடி, 442 மீட்டர் உயரம். அது நிற்கிற வழியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை. டாக்காவில் பிறந்து, கல்கத்தா பக்கத்தில் சிவில் படித்த ஒரு வங்காளி. பெயர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். அவருடைய கதையைத்தான் இந்த மலரில் எழுத வந்திருக்கிறேன்.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் எங்க அப்பா. அப்பா கொத்தனார். சூளகிரி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. விடியற்காலை பஸ் பிடித்து, ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் எங்கே அடுக்குமாடி எழும்புகிறதோ அங்கே போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவார். எங்க வம்சத்திலேயே பத்தாம் வகுப்பு தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். முதல் வருஷ லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா ஒரு கேள்வி கேட்டார். இருபது மாடிக்கு மேலே சாரத்தில் நிற்கும்போது காத்து ஆளைத் தள்ளுதே, அந்தக் காத்து கட்டிடத்தையும் தள்ளத்தானே செய்யும், அது ஏன் சாயறதில்லை என்று. பில்லர் கனமா போட்டிருப்பாங்கப்பா என்றேன். அப்பா சிரித்தார். பாரம் மேலேயிருந்து கீழே வருது, அதுக்குப் பில்லர் சரி, காத்து பக்கவாட்டில் இல்ல வருது என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்தாவது வரை படித்தவர் கேட்ட கேள்விக்கு டிப்ளமோ படிக்கிறவனிடம் பதில் இல்லை! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே கேள்வியைத் தன் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான் கான் என்பது நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

கான் 1929 ஏப்ரல் 3-ந் தேதி டாக்காவில் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷ் இந்தியா. அப்பா கணித ஆசிரியர், பாடப்புத்தகங்கள் எழுதியவர், பின்னாளில் கல்லூரி முதல்வராகவும் இருந்தவர். ஆகவே கான் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆண்டு மலர் கட்டுரைகளில் நாம் எல்லாப் பெரிய மனிதர்களையும் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். கானுக்கு வீட்டில் விளக்கும் இருந்தது, கணக்கு சொல்லித்தர அப்பாவும் இருந்தார். பையனுக்கு இயற்பியல் மேல் ஆசை. அப்பாதான் எஞ்ஜினியரிங் பக்கம் திருப்பி விட்டார். கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹௌராவில் இருக்கிற சிப்பூர் வங்காளப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்பு நடக்கும்போதே நாடு இரண்டாகப் பிரிந்தது. டாக்கா ஒரு நாடு, கல்கத்தா வேறு நாடு. 1950-ல் அங்கே கலவரம் வந்தபோது கடைசிக் கட்டப் படிப்பை அங்கே முடிக்க முடியாமல் டாக்கா திரும்பி, அஹ்சானுல்லா பொறியியல் கல்லூரியில் முடித்தார். நாம் செமஸ்டர் தேர்வு ஒரு வாரம் தள்ளிப்போனாலே தலையில் கை வைத்துக் கொள்கிறோம். அவருக்கு நாடே தள்ளிப்போனது!

முடித்ததும் கொஞ்ச காலம் சாலை வேலையில் உதவிப் பொறியாளர், கொஞ்ச காலம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியர். 1952-ல் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றே வருஷத்தில் இரண்டு முதுகலைப் பட்டமும் ஒரு டாக்டர் பட்டமும் வாங்கினார். எப்படி முடிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஒரு பேப்பரே இரண்டாவது தடவைதான் கிளியர் ஆனது.

1955-ல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓயிங்ஸ் அண்ட் மெரில் என்ற பெரிய கட்டிடக்கலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. 1957-ல் ஊருக்குத் திரும்பினார். கராச்சியில் நகர வளர்ச்சிக் கழகத்தில் பெரிய பதவி. பதவி பெரிசுதான், ஆனால் கட்டிடம் வடிவமைக்கிற வேலையை விட நிர்வாக வேலைதான் அதிகம். 1960-ல் மறுபடியும் சிகாகோவுக்கே போய் பழைய நிறுவனத்தில் சேர்ந்துகொண்டார். சொந்த ஊருக்கு உழைக்க வந்தவர் திரும்பிப் போனது சரியா தப்பா என்று எங்கள் விடுதியில் ஒரு ராத்திரி முழுக்க வாக்குவாதம் நடந்தது. எனக்கென்னமோ அவர் மேல் தப்பு சொல்லத் தோன்றவில்லை. வேலை தெரிந்த மேஸ்திரியைக் கொண்டுபோய் வாட்ச்மேன் ரூமில் உட்கார வைத்தால் அவர் எத்தனை நாள் உட்காருவார்?

இனிமேல்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. கொஞ்சம் பாட சம்பந்தமாகப் பேசுவேன், மற்ற துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அதுவரை உயரமான கட்டிடம் என்றால் உள்ளேயும் வெளியேயும் வரிசை வரிசையாகப் பில்லர், பில்லருக்குப் பில்லர் பீம். இருபது மாடிக்கு இது போதும். உயரம் ஏற ஏற, பாரத்துக்காகப் போடுகிற இரும்பை விடக் காற்றுக்காகக் கூடுதலாகப் போடுகிற இரும்பு ஏறிக்கொண்டே போகும். உயரத்துக்குக் கட்டுகிற அபராதம் மாதிரி. நியூயார்க்கில் 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 206 கிலோ இரும்பு. 1961-ல் அதே ஊரில் முடிந்த 60 மாடி வங்கிக் கட்டிடம் ஒன்றில் அது 275 கிலோ ஆனது.

கான் யோசித்தார். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது கட்டிடம் என்பது என்ன? தரையில் நட்டு வைத்த ஒரு கேண்டிலீவர். நாம் படிப்பது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கேண்டிலீவர், அதையே நிமிர்த்தி வைத்தால் கட்டிடம். கேண்டிலீவர் வளையாமல் இருக்கவேண்டும் என்றால் பொருளை நடுவில் குவித்து என்ன பிரயோஜனம்? ஓரத்தில் கொண்டுபோய் வை. மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா கணக்கு போடும்போது தூரத்தை ஸ்கொயர் பண்ணுகிறோமே, அதன் அர்த்தமே இதுதான். மூங்கிலைப் பாருங்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. எடுத்து வளைத்துப் பாருங்கள்!

எனவே காற்றைத் தாங்கும் வேலையை வெளிச்சுவருக்கே கொடுத்துவிட்டார் கான். வெளிச்சுற்றில் பில்லர்களை நெருக்கி நெருக்கி நிறுத்தி, அவற்றைக் கனமான பீம்களால் சேர்த்துவிட்டால், சுவர் முழுவதும் ஜன்னல் ஓட்டை போட்ட ஒரு குழாய் மாதிரி ஆகிவிடும். இதற்கு டியூப் முறை என்று பெயர். 1960-களின் நடுவில் சிகாகோவில் டிவிட் செஸ்ட்நட் என்ற 43 மாடிக் குடியிருப்பைக் கான்கிரீட்டில் இப்படிக் கட்டிக் காட்டினார். முதல் டியூப் கட்டிடம் அதுதான்.

அடுத்தது ஜான் ஹான்காக் சென்டர். 100 மாடி, 344 மீட்டர், 1969-ல் எழும்பி முடிந்தது. படத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும் கருப்புக் கட்டிடம். வெளியே பெரிய பெரிய பெருக்கல் குறி மாதிரி இரும்புப் பட்டைகள். அது அலங்காரம் இல்லை. காற்றின் தள்ளலை மூலைக்கு மூலை இழுத்து வாங்கித் தரையில் சேர்ப்பதே அந்தப் பட்டைகள்தான். இந்த மூலைவிட்ட யோசனை எங்கே முளைத்தது தெரியுமா நண்பர்களே? கான் வேலை நேரம் போக இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டி வந்தார். அங்கே ஒரு மாணவரின் ஆய்வேட்டில்தான் முதலில் அதைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். மாணவன் வரைந்த புராஜெக்ட் 100 மாடியாக நிற்கிறது! நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் வைவா முடிந்த மறுநாள் எந்த அலமாரிக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹான்காக்கில் சதுர மீட்டருக்கு 145 கிலோ இரும்புதான் ஆனது. மேலே சொன்ன 206-ஐயும் 275-ஐயும் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியாக வந்துவிட்டது என்று கான் நிம்மதியாக இருந்துவிடவில்லை. கட்டிடம் விழாது, சரி. ஆனால் காற்றில் லேசாக ஆடும். நூறாவது மாடியில் இருக்கிற மனுஷனுக்கு அந்த ஆட்டம் தலைசுற்றலாகத் தெரிந்தால்? எவ்வளவு ஆடினால் மனிதன் உணர்வான் என்பதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. சிகாகோவின் அறிவியல் அருங்காட்சியகத்தில் துணி துவைக்கும் எந்திரத்தைப் பற்றி விளக்க ஒரு சுழலும் மேடை வைத்திருந்தார்கள். கான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அதன் மேல் ஏற்றி, மெதுவாக ஆட்டி, எப்போது தெரிகிறது, எப்போது தொந்தரவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நூறு மாடிக் கட்டிடத்துக்கு வாஷிங் மெஷின் மேடையில் சோதனை!

இதே ஹான்காக்கில் ஒரு பெரிய இடறலும் நடந்தது. சுமார் இருபது மாடி அளவுக்கு இரும்பு எழும்பியபோது ஒரு இடத்தில் கீழே இறங்குவது தெரிந்தது. தோண்டிப் பார்த்தால், பூமிக்குள் இறக்கியிருந்த கெய்சான் ஒன்றில் கான்கிரீட் சரியாக நிரம்பாமல் வெற்றிடம். வேலை மாதக்கணக்கில் நின்றது. எல்லா கெய்சானையும் சோதித்துச் சரிசெய்த பிறகுதான் மேலே போனார்கள். மேலே எத்தனை மூளை இருந்தாலும் அடியில் கலவை போடுகிறவன் கையில்தான் கட்டிடம் இருக்கிறது. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார், ஒன்றும் பேசவில்லை. ஆனால் சந்தோஷப்பட்டார் என்று தெரிந்தது.

சரி, சியர்ஸ் டவர்.

ஒரே குழாயாக அவ்வளவு உயரம் போனால் ஒரு சிக்கல். நம்ம ஊரில் திருவிழாவுக்கு சாமி தூக்குவதைக் கவனித்திருப்பீர்கள். மூலையில் நிற்கிறவர்களுக்குத்தான் தோள் காய்ச்சுப்போகும். நடுவில் நிற்கிறவர்கள் பாதிப்பேர் சும்மா கை மட்டும் வைத்துக்கொண்டு வருவார்கள். அகலமான குழாயிலும் அதே கதை. காற்று அடிக்கும்போது மூலைப் பில்லர்கள் அதிகம் சுமக்கும், சுவரின் நடுப் பில்லர்கள் முழுசாக வேலை செய்யாது. இதற்கு ஷியர் லேக் என்று பெயர். கான் என்ன செய்தார் என்றால், ஒரு பெரிய குழாய்க்குப் பதில் ஒன்பது சின்னக் குழாய்களை மூன்றுக்கு மூன்று என்று சேர்த்துக் கட்டினார். ஒவ்வொன்றும் சுமார் 22.9 மீட்டர் சதுரம். பக்கத்துக் குழாய்கள் இரண்டும் நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்த நடுச்சுவர்கள் உள்ளே புகுந்து, சும்மா கை வைத்திருந்த பில்லர்களையும் சுமக்க வைத்துவிடும்.

எல்லாக் குழாயும் உச்சி வரை போகவேண்டிய அவசியமும் இல்லை. எதிரெதிர் மூலையில் இரண்டு குழாய்கள் 50-வது மாடியில் நின்றுவிடும். மற்ற இரண்டு மூலைகள் 66-ல் நிற்கும். இன்னும் மூன்று 90-ல். மிச்சம் இரண்டே இரண்டுதான் உச்சிக்குப் போகும். அதனால்தான் அந்தப் படிக்கட்டு வடிவம். கானோடு சேர்ந்து வேலை செய்த கட்டிடக் கலைஞர் புரூஸ் கிரஹாம் இந்த யோசனையை விளக்குவதற்காகக் கை நிறைய சிகரெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உயரத்துக்கு இழுத்துக் காட்டினாராம். (நம் விடுதியில் சிகரெட்டுக்கு அனுமதி இல்லை, பென்சிலில் செய்து பார்க்கவும்.) 1974-ல் கட்டி முடிந்தது. 1998 வரை உலகத்திலேயே உயரமான கட்டிடம் அதுதான்.

இந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வெறி. இதைக் கட்டியே தீரணும்! சும்மா தெர்மோகோலில் வெட்டி ஒட்டினால் அது படம்தான், கட்டிடம் இல்லை. ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கினால்தான் காற்றைத் தாங்குதா என்று பார்க்க முடியும். பிள்ளைகள் விளையாடும் லெகோ செங்கல் கடையில் விலை கேட்டேன், கேட்டதோடு சரி. பிறகு அறை நண்பனின் மாமா மூலமாக, சிப்காட் பக்கம் ஒரு மோல்டிங் யூனிட்டில் அதே மாதிரி எட்டுக் குமிழ் வைத்த செங்கல்லின் கழிவு சரக்கு கிலோ கணக்கில் கிடைத்தது. ஏழு கிலோ வாங்கினோம். நான்கு பேர் சேர்ந்து காசு போட்டோம்.

கணக்கு இப்படி. நான்கு செங்கல்லைக் காற்றாடி மாதிரி வைத்தால் நடுவில் ஓட்டையோடு ஒரு சதுரம் வரும், அகலம் 4.8 சென்டிமீட்டர். அதுதான் ஒரு குழாய். 480-ல் ஒரு பங்கு அளவு வைத்தால் 22.9 மீட்டருக்கு அது சரியாகப் பொருந்துகிறது! உயரம் 96 வரிசை, 92 சென்டிமீட்டர். இரண்டு குழாய் 44 வரிசை, இரண்டு 58, மூன்று 79, இரண்டு 96. மொத்தம் 2,532 செங்கல். இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்கு டிப்ளமோ வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

முதலில் ஒன்பது குழாயையும் தனித்தனியாகக் கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். விடுதி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து மூன்றாம் நம்பரில் விட்டோம். உயரமான இரண்டும் ஆடின, நடுவில் முறிந்தன, மொத்தமும் கட்டிலுக்கு அடியில் ஓடியது. விடிய ரெண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பொறுக்கினோம். இரண்டாவது தடவை, எட்டு வரிசைக்கு ஒருமுறை செங்கல்லைக் குறுக்கே போட்டுப் பக்கத்துக் குழாயோடு பின்னினோம். ஜாயிண்ட் மேல் ஜாயிண்ட் வராமல் ஒவ்வொரு வரிசையையும் திருப்பிப் போட்டோம். அதே செங்கல், அதே ஃபேன், அதே மூன்றாம் நம்பர். லேசாக நடுங்கியது. விழவில்லை. நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டன் வந்துவிட்டார்.

எங்கள் பொம்மையும் இரும்பில் நிற்கிற நிஜக் கட்டிடமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பிளாஸ்டிக் செங்கல் ஒன்றையொன்று கவ்வித்தான் நிற்கிறது. லெகோ நிறுவனம் 1958-ல் காப்புரிமை கேட்ட செங்கல்லின் அடியைத் திருப்பிப் பாருங்கள், கவ்வுவதற்காக உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கும். அங்கேயும் குழாய்தான்! எங்கள் கழிவு சரக்கில் பாதி சரியாகக் கவ்வவே கவ்வாது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இறுக்கமானதை அடியிலும் லூசானதை மேலேயும் வைத்தோம். அதற்கே மூன்று நாள் ஆனது.

பிறகுதான் இன்னொரு விஷயம் படித்தேன். லெகோ நிறுவனம் 2008-ல் உலகப் புகழ் பெற்ற கட்டிடங்களைச் சின்ன மாதிரியாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியபோது, முதல் பெட்டி சியர்ஸ் டவர், இரண்டாவது ஜான் ஹான்காக். வடிவமைத்தவர் சிகாகோக்காரரான ஆடம் ரீட் டக்கர். ஆக, முதல் இரண்டுமே நம்ம கான் தூக்கி நிறுத்தியவை. துபாய் லெகோலாண்டில் புர்ஜ் கலீஃபாவை 17 மீட்டர் உயரத்துக்கு 4,39,000 செங்கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். 828 மீட்டர் உயரத்தில் 2010-ல் திறந்த அந்த நிஜ புர்ஜ் கலீஃபாவையும் வடிவமைத்தது கான் வேலை பார்த்த அதே நிறுவனம்தான். அப்போது அவர் இறந்து கிட்டத்தட்ட இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

கட்டிடத்தை மட்டுமே சொல்லிக்கொண்டு போகிறேன். மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கான் 1967-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். மனைவி லீசலொட்டே ஆஸ்திரிய நாட்டில் பிறந்தவர். மகள் யாஸ்மினும் கட்டுமானப் பொறியாளர், அப்பாவின் வேலைகளைப் பற்றி 2004-ல் புத்தகமே எழுதினார். கான் ரவீந்திரநாத் தாகூரின் பாடல்கள் என்றால் உயிரை விடுவார், நண்பர்கள் கூடினால் பாடவும் செய்வார். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் விடுதலைப் போர் வெடித்தபோது சியர்ஸ் டவர் வேலை உச்சத்தில் இருந்தது. நம்ம வேலை உண்டு நாம உண்டு என்று இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. சிகாகோவில் இருந்த வங்காளிகளை ஒன்று சேர்த்து, உதவிச் சங்கம் அமைத்து, பணம் திரட்டி, அமெரிக்க அரசியல்வாதிகளிடம் போய்ப் பேசினார். அந்த வருஷம் டிசம்பரில் வங்காளதேசம் பிறந்தது. தான் பிறந்த ஊருக்கு இரண்டாவது தடவையாக நாட்டின் பெயர் மாறுவதை அவர் பார்த்தார்.

எத்தனை மாடிக்கு எந்த முறை லாபம் என்று அவர் போட்டுக் கொடுத்த அட்டவணை உண்டு. இத்தனை மாடி வரை சாதாரண ஃபிரேம் போதும், அதற்கு மேல் ஷியர் வால், அதற்கும் மேல் டியூப் என்று ஒரே படத்தில் வரிசையாக இருக்கும். எனக்கு அவருடைய கோபுரங்களை விட இந்த அட்டவணைதான் ரொம்பப் பிடித்தது. தெரிந்துகொண்டதைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் விரித்து வைத்துவிட்டார்.

உயரக் கட்டிடம் மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். சவூதி அரேபியாவில் ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகள் தங்குவதற்காக, 210 கூடாரக் கூரைகளை இரும்புத் தூண்களில் தொங்கவிட்ட முனையம் 1981-ல் திறந்தது. பாலைவன வெயிலில் லட்சக்கணக்கானோர் காத்திருக்கும் இடம். நாலு பக்கமும் திறந்திருக்கும், உள்ளே வந்த வெப்பம் மேலே உள்ள துவாரம் வழியாகப் போய்விடும். காற்றை எதிர்த்து நிற்கும் கட்டிடங்களைக் கட்டியவர் இங்கே காற்றை உள்ளே கூப்பிட்டார்.

அதே ஜித்தாவுக்கு வேலையாகப் போயிருந்தபோது 1982 மார்ச் 27-ந் தேதி மாரடைப்பு வந்து கான் காலமானார். ஐம்பத்து மூன்று வயது முடிய ஒரு வாரம் இருந்தது. உடலைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்து கிரேஸ்லேண்ட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். சியர்ஸ் டவரின் காலடியில் இருக்கிற தெருச் சந்திப்புக்கு 1998-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

கண்காட்சி அன்றைக்கு அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ஆனால் கையில் வேலைக்குக் கொண்டுபோகும் அதே பை. நான் பாயிண்டர் குச்சியை வைத்துக்கொண்டு ஒன்பது குழாய், ஷியர் லேக் என்று ஆரம்பித்தேன். அப்பா கேட்டுக்கொண்டே பையிலிருந்து தூக்குக் குண்டை எடுத்து, நூலை மேலே பிடித்து, கட்டிடத்தின் பக்கத்தில் தொங்கவிட்டார். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். உச்சியில் ஒரு மூலை ரெண்டு நூல் அளவு வெளியே சாய்ந்திருந்தது. முதல் வரிசையிலேயே ஒரு கல் சரியா உட்காரலை பார், அது மேலே போகப் போக இப்படித்தான் காட்டும் என்றார். குனிந்து பார்த்தால் உண்மை.

பிறகு சாமி தூக்குகிற கதையைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அப்பா மீதியை முடித்துவிட்டார். நடுவுல நிக்கிறவன் தோளையும் உள்ள சுவரு பிடிச்சு இழுக்குது, அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான்! நான் ஆறு மாசம் படித்தது. அந்தப் பெரிய மேஸ்திரி இப்போ எங்கே இருக்கார் என்று கேட்டார். 1982-லேயே போயிட்டார்ப்பா, ஐம்பத்திரண்டு வயசு என்றேன். அப்பா ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. தன் வயசை மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். தூக்குக் குண்டை நூலோடு சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மெஸ்ஸில் மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இப்போது அந்த 2,532 செங்கல்லும் ஒரு சிமெண்ட் சாக்கில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இந்த வருஷம் ஹான்காக் கட்டலாம் என்று நாலு பேரும் முடிவு செய்திருக்கிறோம். சதுரச் செங்கல்லில் சாய்வான சுவரும் மூலைவிட்டப் பட்டையும் எப்படிக் கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை. சென்ட்ரிங் கம்பியை வளைத்துச் சொருகிப் பார் என்கிறார் அப்பா. அது விதிப்படி கள்ள ஆட்டம் என்கிறான் அறை நண்பன். யோசனை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அறைக்கு வரலாம். மெக்கானிக்கல் நண்பர்களும் வரலாம்.